வேலைக்காட்டுக்கு வர வேண்டிய மிஸ்ஸி



'டயட்டீஷன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை. மேசைமேல் ரப்பரில் செய்த சோறு, ரப்பரில் செய்த கோழித் துண்டு. எதிரே ஒரு இளம் பெண். "சோத்தைக் குறைங்கம்மா, சீனியை நிறுத்துங்க, இந்தத் தாளைப் படிச்சுப் பாருங்க." பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவோம். தாள் சாமி மேடைக்குப் பக்கத்தில் செருகப்படும். சோறு பழையபடியே தட்டில் விழும்.

இதில் மிஸ்ஸியைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான் தப்பு. நாம் சாப்பிடுவது ஆஸ்பத்திரியில் இல்லையே! காலை இருட்டில் வீட்டு அடுப்படியிலும், பத்து மணிக்கு மர நிழலிலும், தொழிற்சாலைக் கண்டீனிலும், மாலையில் ஒட்டுக்கடையிலும் அல்லவா சாப்பிடுகிறோம்? அவர் அங்கே வந்தால்தான் அவருடைய படிப்பு நமக்கு உதவும். சாப்பாட்டைப் பற்றிப் பேச வருகிறவர் நம் மனசைப் பற்றியும் எப்படியோ பேச வேண்டியதாகிவிடும். இந்த மாதம் அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பத்தாவதோ பதினோராவதோ படிக்கிற மகளோ மகனோ வீட்டில் இருந்தால் அவர்களிடமும் இதைக் கொடுங்கள். அவர்களுக்கும் இதில் சேதி உண்டு.

நம் மண்ணில் நடந்த பழைய சங்கதி

வேலை செய்யும் இடத்துக்கே போய், அங்குள்ளவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த புது நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலாயா மண்ணிலேயே நடந்திருக்கிறது. அதுவும் எங்கே? ஒன்று பைத்தியக்கார ஆஸ்பத்திரியில். இன்னொன்று சாலை போடும் கூலிகளின் கொட்டகையில்.

அந்தக் காலத்தில் 'பெரிபெரி' என்று ஒரு வியாதி ஆயிரக்கணக்கில் ஆளைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப் போகும், நடக்க முடியாது, கடைசியில் நெஞ்சு நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஆனால் தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அதிகம் வரவில்லை. ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற வெள்ளைக்கார டாக்டர். சீனர்கள் சாப்பிட்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. வித்தியாசம் அரிசியில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார். (கெட்டுப்போன அரிசியில் விஷம் இருக்கிறது என்று அவர் காரணம் சொன்னது பின்னால் தப்பாகிவிட்டது. பார்த்தது சரி, காரணம்தான் தப்பு.)

கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்ற டாக்டர் 1905-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. தீட்டிய அரிசி சாப்பிட்ட 120 பேரில் 34 பேருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் நோய் கண்டவர்கள் 2 பேர்தான். அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒருவரும் சாகவில்லை. இடத்தில்தான் கோளாறோ என்று கட்டடத்தை மாற்றிப் படுக்க வைத்தும் பார்த்தார். இடத்தில் இல்லை, தட்டில்தான் இருந்தது.

பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாக்காரத் தொழிலாளர்களை இதேபோல் பிரித்துச் சோதித்தார்கள். 1909-ல் முடிவு வெளிவந்தது: தீட்டும்போது போகிற தவிட்டிலேதான் உயிரைக் காக்கும் சத்து இருக்கிறது. அதைத்தான் இன்று பி1 வைட்டமின் என்கிறோம். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் புழுங்கல் அரிசியை எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். நம் பாட்டிமார் நெல் அவித்தது சும்மா இல்லை!

அந்த நோயாளிகளையும் அந்தக் கூலிகளையும் யாரும் "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுச் செய்யவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது; செய்யவும் கூடாது. இந்த உலகத்துக்கே கிடைத்த அறிவு தொழிலாளியின் உடம்பை வைத்துக் கிடைத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அந்த அறிவின் பலனைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு என்பது என் கட்சி.

பி1 சத்துக் குறைவு இன்றும் ஒழிந்துவிடவில்லை. தினமும் சம்சு குடித்துவிட்டுச் சோறு சாப்பிடாமல் படுக்கிறவர்களுக்கு அது வரும். தடுமாற்றம், பார்வைக் கோளாறு, ஞாபகக் குழப்பம் என்று மூளையையே தாக்கும். வீட்டார் 'போதை' என்று விட்டுவிடுவார்கள். அது போதை அல்ல. அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய நோய்.

இன்றைய கணக்கு

இப்போது பெரிபெரியின் இடத்தில் இனிப்புநீர் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதாவது பத்துப் பேரில் மூன்று பேர்! 2023 ஆய்வில் நாட்டின் கணக்கு 15.6 ஆகக் குறைந்தது, சந்தோஷம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் ஏறியிருந்தது. மனச்சோர்வு நோய் 2019-ல் 2.3 விழுக்காடு, 2023-ல் 4.6. நான்கே வருஷத்தில் இரட்டிப்பு.

இந்த இரண்டும் தனித்தனி வியாதி என்று எண்ணாதீர்கள். இனிப்புநீர் உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார், நடக்கப் போவதில்லை, கிடைத்ததைத் தின்கிறார். சீனி ஏறுகிறது. சீனி ஏறினால் களைப்பு, தூக்கமின்மை, எரிச்சல். ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு கிணற்றில் விழுகிற கதைதான். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள் தப்பித்தார்களா? இல்லை. லயத்தைத்தான் விட்டு வந்தோம். கெட்டிப்பால் டின்னைக் கையோடு கொண்டு வந்துவிட்டோம். அந்த டின்னில் பாதிக்கு மேல் சீனிதான் ஐயா!

மிஸ்ஸி கேட்க வேண்டிய கேள்வி

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பால்வெட்டுக்குப் போகிற ஐம்பது வயது அம்மா ஒருவர். இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறார். வேலைக்காட்டில் திடீரென்று கை நடுங்குகிறது, வேர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கிட்டே வந்தவர்மேல் எரிந்து விழுகிறார். மண்டோர் 'இது வேற கேஸ்' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி தாயத்துக் கட்டச் சொல்கிறாள். ஆஸ்பத்திரி அறையில் என்றால் "சோத்தைக் குறைங்க" என்ற பாட்டோடு முடிந்துவிடும். வேலையிடத்துக்கு வந்து பழகிய மிஸ்ஸி இப்படித் தொடங்குவார்:

"அம்மா, காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"நாலரைக்கு எழுந்திருவேன் மிஸ்ஸி."

"வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்ன என்ன சாப்பிடுவீங்க?"

"என்னத்தச் சாப்பிடறது... ஒரு மங்கு தேத்தண்ணி. பசியாறுறது பத்து மணிக்குத்தான்."

"மாத்திரை எப்போ போடுவீங்கம்மா?"

"அந்தத் தேத்தண்ணியோடதான்."

பாதி மர்மம் இங்கே அவிழ்ந்துவிட்டது. கிளிக்லாசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் சாப்பாடு இல்லாவிட்டாலும் சீனியை இறக்கும். வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் வேலை செய்தால் சீனி தரைக்கு வந்துவிடும். நடுக்கம், வேர்வை, பயம், கோபம் எல்லாம் அதன் அடையாளங்கள். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ரொட்டியோ சோறோ கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். சீனி குறைந்து இப்படி வருகிறவர் டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

பேச்சு இன்னும் முடியவில்லை.

"ராத்திரி தூக்கமெல்லாம் எப்படிம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மவன் போனதிலேருந்து ஏது மிஸ்ஸி தூக்கம்... சோறு ஆக்குறேன், எறங்கமாட்டேங்குது."

பாருங்கள், தட்டைப் பற்றிக் கேட்கப்போய் எங்கே வந்து நிற்கிறது! "உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டிருந்தால் அந்த அம்மா எழுந்து போயிருப்பார். மனசு சரியில்லை என்று சொன்னாலே தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் நம் ஜனங்களுக்குப் பரம்பரைச் சொத்து. 1911-ல் கட்டிய அந்த ஆஸ்பத்திரியின் ஊர்ப் பெயரே வசவாகிப் போனது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் வெட்கமில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, வாய்க்கு ருசி இல்லை என்றுதான் நம் ஆட்கள் துக்கத்தையே சொல்வார்கள். அந்தக் கதவு வழியாக உள்ளே போகத் தெரிந்தவர் நல்ல டயட்டீஷன்.

சாப்பாடும் மனமும்: எவ்வளவு உண்மை?

"இதைச் சாப்பிட்டால் கவலை தீரும்" என்று விற்கிறவர்கள் நிறைய. அவர்களை நம்ப வேண்டாம். ஆனால் ஒழுங்காகச் செய்த ஆராய்ச்சியும் உண்டு. 2017-ல் ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா என்ற அம்மையாரின் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. மனச்சோர்வு உள்ள 67 பேர். ஒரு பாதிக்கு டயட்டீஷன் பன்னிரண்டு வாரத்தில் ஏழு முறை உட்கார்ந்து சாப்பாட்டைச் சீர்படுத்தினார். மறு பாதிக்கு அதே அளவு நேரம் நட்பாகப் பேச்சுத் துணை. முடிவில் சாப்பாட்டுக் கூட்டத்தில் 32.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நீங்கியிருந்தது. பேச்சுத்துணைக் கூட்டத்தில் 8 விழுக்காடு. சோதனை சின்னது, அவர்களில் பலர் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கீரை தின்னுங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மருந்தோடு சாப்பாடும் சேர்ந்தால் ஒரு கை கூடுகிறது என்றுதான் அர்த்தம்.

அவர்கள் கொடுத்தது ஆலிவ் எண்ணெயும் வால்நட்டும். நமக்கு அதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது என்கிறீர்களா? அதன் அடிப்படை தவிடு போகாத தானியம், பருப்பு, கீரை காய்கறி, மீன். கெம்போங் மீன் அவர்கள் சொல்கிற சால்மனுக்குச் சளைத்ததல்ல. துவரம் பருப்பு, கச்சான், தெம்பே, முருங்கைக்கீரை, காங்கோங் இருக்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, அரைப் பங்கு காய்கறி பழம் என்று சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' திட்டத்தில் சொல்வதும் இதைத்தான். நம் வழக்கம் தெரியுமே: முக்கால் தட்டு சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் மரியாதைக்கு ஒரு கரண்டி கீரை.

இன்னும் இரண்டு சங்கதி. மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 சத்துக் குறையலாம். கால் எரிச்சல், அசதி, மனத்தொய்வு வரும். சைவமாக இருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். டாக்டரிடம் கேட்டு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது, மனநோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகள், ஒலான்சபின் போன்றவை, பசியைக் கிளப்பி உடம்பைப் பருக்க வைக்கும். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அங்கேயும் டயட்டீஷனுக்கு வேலை இருக்கிறது.

இந்தப் படிப்புக்கு வழி என்ன?

தங்கச்சி, தம்பி, இனி உங்களுக்கு. எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்கள் வேண்டும். உயிரியல், இரசாயனத்தில் நல்ல தேர்ச்சி முக்கியம். அப்புறம் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அல்லது அசாசி. அதற்குமேல் நான்கு வருஷப் பட்டப்படிப்பு. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலேசிய புத்ராப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் டயட்டட்டிக்ஸ் படிப்பு இருக்கிறது, தனியாரிலும் உண்டு. கடைசி வருஷங்களில் ஆஸ்பத்திரி வார்டிலும் சமையற்கட்டிலும் ஊர்க் கிளினிக்கிலும் நின்று பழக வேண்டும். வெறும் புத்தகப் படிப்பு என்று நினைத்து வந்தவர்கள் அங்கேதான் திணறுவார்கள்.

2016-ல் வந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. டயட்டீஷன் என்ற தொழிலும் அந்தச் சட்டத்தில் அடங்கும். மன்றத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இது பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டிய சேதி அல்ல, உங்களுக்கும்தான். தோட்டத்துக்கும் தாமானுக்கும் வந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எடை பார்த்து, மாவு டின் விற்கிறவர்கள் இருக்கிறார்களே, மாதச் சம்பளத்தில் இருநூறு முந்நூறு வெள்ளி கறந்துவிடுகிறார்களே, அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மிஸ்ஸி, உங்க பதிவு நம்பர் என்ன?" முகம் போகிற போக்கிலேயே விஷயம் தெரிந்துவிடும். டயட்டீஷன் உங்கள் தட்டைக் கேட்பார். பொருளை உங்கள் தலையில் கட்டமாட்டார்.

படித்து வந்தவர் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் தொடங்குவார். அது அவசியமும்கூட. சிறுநீரகம் கெட்டவருக்கு என்ன கொடுப்பது, குழாய் வழியாக ஊட்டுவது எப்படி என்று கை பழக வேண்டும். சில வருஷம் போனதும் பலருக்கு ஒரு அலுப்பு வரும். அதே ஆள் மூன்று மாதத்தில் திரும்பி வருவார், சீனி அதே உயரத்தில். அடுத்த தடவை காலில் புண். அதற்கடுத்த தடவை கால் இல்லை. 'என் தாளில் என்ன தப்பு?' என்று யோசிக்கிறவர்தான் வேலையிடத்தின் பக்கம் திரும்புகிறார். ஷிப்ட் நேரம், கண்டீன் விலை, கடன், குடி, துக்கம் என்று நோய்க்கு நோயாளியின் நாக்கைத் தவிர வேறு காரணங்களும் இருப்பதைக் காண்கிறார்.

அப்படி மாறுவதற்குப் புதிதாகச் சிலவற்றைக் கற்க வேண்டும். உத்தரவு போடாமல் கேள்வி கேட்டே ஆளின் மனத்தைத் திருப்பும் பேச்சு முறை ஒன்று உண்டு. 1983-ல் வில்லியம் மில்லர் என்பவர் எழுதத் தொடங்கியது. மேலே மிஸ்ஸி பேசியது அந்த முறையில்தான். மனத்துக்கான முதலுதவி என்று ஒரு பயிற்சியும் இருக்கிறது. 2000-ல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர் என்ற தாதியும் அவர் கணவர் டோனி ஜார்மும் தொடங்கியது; பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. இதைக் கற்றதால் டயட்டீஷன் மனநல மருத்துவர் ஆகிவிடமாட்டார். எங்கே தன் வேலை முடிகிறது, எங்கே மற்றவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிந்தவராக ஆவார். எல்லை தெரியாதவர் இந்த வேலைக்கு ஆபத்து.

சம்பளம் எப்படி என்று கேட்பீர்கள். அரசாங்க வேலை கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரும். தனியாரில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டாக்டர் சம்பளம் எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம். ஆனால் தமிழிலும் மலாயிலும் தோட்டத்துப் பேச்சு பேசத் தெரிந்த ஒரு டயட்டீஷன் நம் ஜனங்களுக்கு எவ்வளவு தேவை என்பதைப் பத்தில் மூன்று என்ற அந்தக் கணக்கே சொல்லும்.

கிளை என்ன செய்யலாம்?

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமையைச் சொல்லும்போது பாதுகாப்பு, சுகாதாரம், நலன் மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புச் சுகாதாரக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உண்டு. 2022-ல் செய்த திருத்தம் 2024 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. ஆனால் அந்தக் கூட்டங்களில் எதைப் பேசுகிறோம்? பூட்ஸ், கையுறை, மருந்தடிக்கும் தோம்பு. அவை வேண்டும்தான். சாப்பாட்டையும் தூக்கத்தையும் ஒரு தடவையாவது எடுத்துப் போட்டிருக்கிறோமா?

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2022-ல் சேர்ந்தே இதைப் பேசின. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்பது அவர்கள் கணக்கு. இதை முதலாளியிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரிகிற பாஷை அது.

கேட்க வேண்டியவை பெரிதில்லை. பெரட்டுக்கு வரும்போது ஏதாவது பசியாறக் கால் மணி நேரம். குடிக்க நல்ல தண்ணீர், சீனிச் சிராப்பு இல்லாமல். கண்டீன் ஏலம் விடும்போது பருப்பும் காய்கறியும் கட்டாயம் என்று ஒரு வரி. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து டயட்டீஷனோ சத்துணவு அதிகாரியோ வர ஏற்பாடு. கிளைச் செயலாளர் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாமே! ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தொழிலாளி மிஸ்ஸியிடம் சொன்னது மேனேஜர் மேசைக்குப் போகக் கூடாது. இரத்தச் சீனி எண்ணும் சரி, இராத்திரித் தூக்கமும் சரி. 'இவன் உடம்புக்காகாதவன்' என்று ஆளை நிறுத்த அது ஆயுதமானால் அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். முதலிலேயே இதை எழுத்தில் வாங்குங்கள்.

மருந்துக் கொட்டகைப் பூட்டையும் கவனியுங்கள். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதனால் எத்தனை குடும்பங்கள் அழுதன என்று தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்ற மருந்துகளும் பூட்டில் இருக்கட்டும், சாவி ஒருவரிடம் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு புட்டிகூட வரக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து யாரையும் வீட்டுக்குள் மறைக்க வேண்டாம். மனம் தாங்காத நேரத்தில் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணைக் கூப்பிடலாம். பிப்ரண்டர்ஸ் சங்கத்தின் கோலாலம்பூர் எண் 03-76272929. அங்கே இராப்பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

முதல் தடவை டயட்டீஷனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நாள் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டுக்கடை தேத்தண்ணி, பிள்ளைகள் மீதி வைத்த ரொட்டி சானாய் உள்பட. எத்தனை மணிக்கு என்பதையும் குறியுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் குறிக்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போங்கள், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள். வீட்டுச் சோற்றுக் கரண்டியையும் கையோடு கொண்டு போனால் நல்லது. ஒரு கரண்டி என்று நீங்கள் சொல்வதும் மிஸ்ஸி நினைப்பதும் ஒரே அளவாக இருக்கும்.